வங்கி வாசலில் எங்களோடு நின்றவர்களுக்கு

ஓய்வூதியர் சங்கத்துப் பெரியவர்களுக்கும், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழுவினருக்கும், பெயர் சொல்லாமல் வந்து உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் அரசு வேலைக்கான குடும்ப ஓய்வூதியம், அம்மா போன பிறகு தம்பிக்கு வர வேண்டியது, நேற்று அவன் கணக்கில் வந்துவிட்டது. நிலுவையும் சேர்ந்தே வந்திருக்கிறது. குறுஞ்செய்தி அவனுடைய கைபேசிக்குத்தான் வந்தது. எனக்குக் காட்டுவதற்கு முன்பு அவன் அதை இரண்டு முறை வாசித்துவிட்டான். இந்த மடலை இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் போனால் நான் நிதானமாகிவிடுவேன், நிதானமாக எழுதும் நன்றியில் பாதி மரியாதைச் சொற்களாகிவிடும்.

நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. அதில் உங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை. அம்மா போன பிறகு எந்தத் தாள் எந்த மேசையில் கிடந்தது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் சிஸ்டருக்கு. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவரை இன்றும் ஊரே சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். ஓய்வூதியத்துக்காகத் தம்பியின் கைரேகையைப் பதிய நாங்கள் வங்கிக்குப் போன அன்று, அவர் எங்களுக்காக வரவில்லை. தன்னுடைய உயிர்வாழ் சான்றுக்காக வந்து, வேலை முடிந்து, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கைரேகைக் கருவிக்கு முன்னால் தம்பியின் கையோடு நாங்கள் மூன்று பேர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தம்பியின் வலது கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெருவிரலை உள்ளே வைத்து மற்ற நான்கு விரல்களும் மூடிக்கொண்டிருக்கும். யாராவது விரலைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். அவன் பிடிவாதத்தால் அப்படிச் செய்வதில்லை. இழுக்க இழுக்கத் தசை எதிர்த்து இழுக்கும், மூளை முடக்குவாதத்தின் இயல்பு அது. பதற்றம், குளிர், திடீர்ச் சத்தம் எல்லாம் அதை இன்னும் கூட்டும். அந்த வங்கிக் கிளையில் மூன்றும் தாராளமாகக் கிடைத்தன. கண் விழியைப் பதிவு செய்யலாம் என்று ஒருவர் சொன்னார். தலை நிலையாக நிற்காத ஒருவனிடம் விழியை அசைக்காதே என்று சொல்லிப் பயனில்லை.

சிஸ்டர் முதலில் எங்கள் மூவரின் கைகளையும் விலக்கினார். சக்கர நாற்காலியைக் குளிரூட்டியின் காற்று படாத மூலைக்குத் தள்ளச் சொன்னார். டோக்கன் மணியைச் சற்று நேரம் நிறுத்தி வைக்க முடியுமா என்று காசாளரிடம் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் மறுக்க யாருக்கும் தோன்றியிருக்காது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அப்படியே வைத்திருந்தார். எதுவும் செய்யவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தார். பெயர் என்ன, எதுவரை படித்தாய் என்று கேட்டார். சிஸ்டர் அவரைத் தடுத்தார். "அவர் பதில் சொல்லட்டும், ஆனால் அப்புறம் சொல்லட்டும் சார். பேச முயன்றால் அந்த முயற்சி முழுவதும் கைக்குத்தான் போகும்." இத்தனை ஆண்டுகள் கூடவே இருக்கிறேன், இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

"தம்பி, உங்கள் அப்பா எந்த வேலையில் இருந்தார் என்று அக்காவே சொல்லட்டும், நீங்கள் சும்மா இருங்கள்" என்றார். ஆர்.எம்.எஸ். வேலை, இரவு ரயிலில் தபால் பிரிப்பவர், திருச்சியிலிருந்து எழும்பூர் வரை போய்த் திரும்புவார் என்று சொன்னேன். அவ்வளவுதான். சிஸ்டர் ஊர்ப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். திருச்சி, பொன்மலை, ஸ்ரீரங்கம், அரியலூர், விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம். குழந்தையைத் தூங்க வைக்கும் தாய் போல, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு விட்டுச் சொன்னார். சொல்லிக்கொண்டே தம்பியின் மணிக்கட்டை மெல்லக் கீழ்ப்பக்கமாக மடக்கினார். மணிக்கட்டு மடங்கும்போது விரல்களை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாண்கள் தளர்ந்துகொடுக்கும் என்று பிறகு விளக்கினார். விரல்கள் தாமாகவே கொஞ்சம் அவிழ்ந்தன. அப்போதும் பெருவிரலின் நுனியை அவர் தொடவில்லை. உள்ளங்கையோடு சேரும் அடிப்பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்.

செங்கல்பட்டு வந்தபோது, "இப்போது அந்தக் கருவியை இங்கே கொண்டுவாருங்கள்" என்றார். கையைக் கருவியின் உயரத்துக்குத் தூக்கினால் தோள் இறுகி, விரல் மறுபடி மூடிவிடுமாம். அதிகாரி கருவியைக் கழற்றிக் கொண்டுவந்து நாற்காலியின் கைப்பிடி மீது வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அப்போது தம்பி, அவனுக்கே உரிய இழுவையோடு, ஒரே ஒரு சொல் சொன்னான்: "லால்குடி."

அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து நேராக அரியலூருக்குப் போயிருந்தார். அவன் அதைச் செங்கல்பட்டு வரை பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிஸ்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. "மன்னிக்கவும் தம்பி, எங்கள் வண்டி அங்கே நிற்காது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காப்பி வாங்கித் தரக்கூட எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கைரேகைக்கு ஏன் இத்தனை பாடு என்று உறவினர் சிலர் இன்னும் கேட்கிறார்கள். "நீ பாதுகாவலராகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே" என்கிறார்கள். கிளையிலும் அதையேதான் சொன்னார்கள், அதுவும் நீதிமன்றச் சான்றோடு வரச் சொன்னார்கள். தம்பியின் பேச்சு புரியவில்லை என்பதால் அவனுக்கு எதுவும் புரியாது என்று முடிவு செய்துவிட்டார்கள். சங்கத்துச் செயலாளர் ஐயா அந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார். மத்திய அரசு ஓய்வூதிய விதிகளில் பாதுகாவலர் என்ற பேச்சு வருவது சிறுவர்களுக்கும் மனம், அறிவு சார்ந்த குறைபாடு உள்ளவர்களுக்கும்தான். உடல் ஊனமுற்ற, வயது வந்த மகன் தன் ஓய்வூதியத்தைத் தானே வாங்கலாம். தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 13ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. "அக்கா கையெழுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் வரும், தம்பி சீக்கிரம் காணாமல் போய்விடுவான்" என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் சரிதான். என் கையெழுத்து எளிது என்பதற்காக அவன் பெயரை அழித்துவிட முடியாது.

வீட்டிலிருந்தபடி தட்டச்சு செய்து அவன் சம்பாதிக்கும் சிறு தொகையைக் காட்டித் தகுதியில்லை என்று ஒரு குறிப்பு வந்ததே, அதையும் ஐயாதான் முறித்தார். 2021 பிப்ரவரியில் அந்த வருமான வரம்பை மாற்றிவிட்டார்கள். பிள்ளையின் பிற வருமானம், சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியமும் விலைவாசிக்காக அதனோடு சேரும் அகவிலை நிவாரணமும் கூட்டிய தொகையைவிடக் குறைவாக இருந்தால் போதும். கிளையில் இருந்தவர்கள் பழைய தாளையே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படியில் சக்கர நாற்காலியோடு தம்பியைத் தூக்கிய நால்வர். தூக்குவது தீர்வல்ல என்று சொல்லி, சாய்தளம் கேட்டு அங்கேயே மனு எழுதிய, பார்வையற்ற வழக்கறிஞர் அம்மா. பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகளும் அணுகும்படி மாற்ற அந்தச் சட்டம் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது என்பதை அவர் அதிகாரியிடம் சொன்ன தொனியை நான் பயிற்சி செய்து வருகிறேன். இரவு பத்து மணிக்கும் தொலைபேசியை எடுத்த பெற்றோர் குழுவின் தலைவி. நகல் எடுத்தவர்கள், ஆட்டோவில் காத்திருந்தவர், சாப்பாடு கட்டிக் கொடுத்தவர்கள். என்ன வழக்கு என்றே தெரியாமல் கூட்டத்தைப் பார்த்து எங்களோடு நின்றுவிட்ட முதியவர். அவர் கடைசி வரை கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இதில் எனக்கு வியப்பாகவே இருக்கும் ஒன்று உண்டு. ஓய்வூதியர் சங்கத்தாரும் பெற்றோர் குழுவினரும் ஒரே ஊரில் இத்தனை காலம் ஒருவரையொருவர் அறியாமல் இருந்திருக்கிறார்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம், 1982இல் நகாரா வழக்கில் தீர்ப்பு வந்த நாள். ஓய்வூதியம் அரசு பார்த்துப் போடும் கொடையல்ல, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. இரண்டு வார இடைவெளியில் இரண்டு மேடைகள், இரண்டு மாலைகள், ஏறக்குறைய அதே மண்டபம். முதல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இரண்டாவது கூட்டத்திலும் இருக்க வேண்டியவர்கள். இரண்டாவது கூட்டத்துப் பெரியவர்களில் பலர் மூட்டும் காதும் கண்ணும் ஒத்துழைக்காமல் முதல் கூட்டத்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருப்பவர்கள். ஒரு பக்கம் கோப்பும் விதியும் விரல் நுனியில். மறுபக்கம் உடம்பைப் பற்றிய அறிவு, காத்திருக்கும் பழக்கம். "எனக்குப் பிறகு இவனுக்கு யார்" என்று என் அம்மா கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பாதி பதிலாவது கிடைக்கும். மீதிப் பாதி அரசாங்கத்திடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவும் இரண்டு சங்கமும் சேர்ந்தே போக வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டாவது ஒரே மேடையில் நடத்துங்கள். மாலைச் செலவும் மிச்சம்.

நான் செய்யப்போவதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன், பின்வாங்க முடியாமல் இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவர், தாமோ துணைவரோ உயிருடன் இருக்கும்போதே, ஊனமுற்ற பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவைப்படும் பிள்ளையானால் அவரையும் அப்போதே நியமித்துவிடலாம். நியமனம் இருந்தால் நீதிமன்றச் சான்று கேட்கக்கூடாது. இது தெரியாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பெற்றோர் குழுவில் இருக்கும் ஒவ்வொரு ஓய்வூதியர் வீட்டுக்கும் போய், அந்த ஆணையை வாங்கிப் பார்த்து, பிள்ளையின் பெயர் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நவம்பரில் உயிர்வாழ் சான்று முகாமிலும் இருப்பேன். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம், அவர்களுக்குத் தனியாக ஒரு மேசை கேட்டிருக்கிறேன். கைரேகை விழாதவர்களுக்கு முகத்தைப் பதிவு செய்யும் செயலியைக் கைபேசியில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதுவும் கைவிட்டால் தாளில் சான்று வாங்கும் படிவம் கைவசம் இருக்கும். சிஸ்டர் ஒரு மணி நேரம் வந்து, மூடிய கையை எப்படித் திறக்க விடுவது என்று எங்களில் பத்துப் பேருக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். தட்டச்சு தம்பியின் பொறுப்பு. ஒற்றை விரலால்தான் அடிப்பான், பிழை இருக்காது, நேரமாகும். நாற்காலிகள் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
அக்காவும் தம்பியும்