53 புளியங்கொட்டையும் ஆறு சோழியும்

அன்புள்ள எல்லோருக்கும்,

முந்தாநாள் ராத்திரி என் மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மெதுவாக நடக்கிறாள், அரை இட்லி கூடுதலாகச் சாப்பிடுகிறாள், நான் போட்ட காபியைக் குறை சொல்கிறாள். குறை சொல்கிற அளவுக்குத் தெம்பு வந்ததே போதும். என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ரத்தம் கொடுக்கக் காரைக்குடியிலிருந்து வேன் பிடித்து மதுரைக்கு வந்த ஏழு பேர் (அதில் மூன்று பேரை நான் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை), ராத்திரி என்றும் பாராமல் கிளம்பி வந்து நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பது) கொடுத்த பங்குத்தந்தை, முறை வைத்துச் சோறு அனுப்பிய அன்பியத்து (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற குழு) அக்காமார், என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்த அச்சகத்து ஆட்கள், ஜிபேயில் பணம் போட்டுவிட்டு இன்றுவரை வாய் திறக்காதவர்கள் (பேர் அதிலேயே வந்துவிடும் ஐயா), எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டான் என்று கோபிக்காதீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இந்த மடலில் மிச்ச இடம் முழுக்க எங்கள் எதிர்வீட்டு ஆச்சிக்கு.

மகளுக்கு எட்டு வயது, பையனுக்கு நாலு. மாமியார் ஆஸ்பத்திரியில் எங்களோடு இருந்தார், என் அம்மாவால் படி ஏற முடியாது. ஆச்சிதான், 'இங்கன விட்டுட்டுப் போங்க தம்பி' என்றார்கள். அவர்கள் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், முகப்பு தொடங்கிப் பின்கட்டு வரை நீண்டு கிடக்கிற அந்த வீட்டில் பாதி அறைகள் பூட்டியே இருக்கும். நான் அவர்களிடம் கேட்டது பிள்ளைகளுக்குச் சோறும் படுக்க இடமும்தான்.

முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்கு ஆச்சியிடமிருந்து போன். ஐசியு வாசலில் நிற்கிறவனுக்கு போன் அடித்தாலே வயிறு கலங்கும். எடுத்தால், 'தம்பி, ஒங்க வீட்ல ஏழு மணிக்குச் செபம் சொல்லுவீகளாம்ல, பாப்பா சொல்லுது. சாவி எங்கிட்டத்தான இருக்கு, அந்தப் புஸ்தகம் எங்கன இருக்குன்னு சொல்லுங்க, எடுத்துக்கிறேன்.'

எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாகக் குடியிருக்கிற வீட்டில் செபப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அச்சகத்திலிருந்து நான் வரும்போது மணி ஒன்பது ஆகிவிடும், செபமெல்லாம் முடிந்து பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். மகள்தான் போய்த் தேடி, அரிசி டின்னுக்கு மேலே இருந்ததை எடுத்திருக்கிறாள்.

புத்தகம் கிடைத்தது, செபமாலை கிடைக்கவில்லை. அது மனைவியின் கைப்பையோடு மதுரைக்கு வந்துவிட்டது. 'மொத்தம் எத்தனை மணி?' என்று ஆச்சி கேட்க, 'சின்னது 53, பெரிசு 6' என்றிருக்கிறாள் மகள். பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் 53 எண்ணி ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு, கர்த்தர் கற்பித்த செபத்துக்குத் தாயம் ஆடுகிற சோழியில் ஆறை எடுத்து வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேவுக்கும் ஒரு கொட்டையை எடுத்து அடுத்த கொட்டானில் போடுவது பையன் வேலை. எங்கள் வீட்டில் செபம் தொடங்கினால் இரண்டாவது நிமிஷம் மேசைக்கு அடியில் போய்விடுகிறவன், அங்கே காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அப்படியும் முதல் நாள் மூன்றாவது பத்துமணியில் (பத்து அருள் நிறைந்த மரியே சேர்ந்தது ஒரு பத்துமணி) கைக்குள் கொட்டையோடு தூங்கிவிட்டானாம். மறுநாளிலிருந்து முதல் மூன்று கொட்டை, அப்புறம் ஒரு பத்து, அதோடு சரி. 'சின்னப் பிள்ளைக்கு அம்புட்டுத்தான் கொள்ளும் தம்பி' என்றார்கள். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த முதல் மூன்று எதற்கு என்றும் ஆச்சி கேட்டிருக்கிறார்கள். நம்பிக்கைக்கு ஒன்று, எதிர்நோக்குக்கு ஒன்று, அன்புக்கு ஒன்று என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஞாயிறு மறைக்கல்வியில் ஒப்பித்ததுதான், ஆனால் விஷயம் தெரியாத ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'ஏன்?' என்று கேட்கும்போது ஒப்பித்தால் போதாதில்லையா, அவளே யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைகள் முதல் பாதி சொல்ல, 'தூய மரியே, இறைவனின் தாயே' என்ற மறுபாதியை ஆச்சி புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார்கள். பத்துப் பதினைந்து நாளில் பார்க்காமலே சொன்னார்களாம்.

நடுவில் ஆச்சி வீட்டில் பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழைத் திரியை மாவில் வைத்துச் சுடரோடு எடுத்துக்கொள்வார்களே, அது. அன்றும் ஒரு போன். 'பணியாரம் சுடுறேன் தம்பி. பிள்ளைகளுக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சிட்டேன், கொடுக்கலாம்ல?' சாமிக்குப் படைத்ததைக் கொடுத்தால் எங்களுக்குச் சங்கடமாகுமோ என்று, நான் கேட்காமலே அவர்களாக எடுத்து வைத்திருக்கிறார்கள். பில் கட்டுகிற வரிசையில் நின்று அழுதேன். பின்னால் நின்றவர் நோயாளிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அவருக்கும் நன்றி.

'ஏன் ஆச்சி இவ்வளவு சிரமப்பட்டீங்க' என்று கேட்டதற்கு, 'அவ திரும்பி வந்து பிள்ளைகளைக் கேப்பால்ல, அதுக்குள்ள பழக்கம் விட்டுப்போச்சுன்னா?' என்றார்கள். திரும்பி வருவாளா என்று நாங்களே உறுதியாகச் சொல்ல முடியாமல் இருந்த நாட்கள் அவை.

நேற்று வியாழக்கிழமை, ஏழு மணிக்கு நானும் உட்கார்ந்தேன். இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் கிழமைக்கு ஒரு வகையாக நினைத்துக்கொண்டு செபமாலை சொல்வோம், அதற்குத்தான் மறையுண்மை என்று பேர். சின்ன வயதில் அப்பத்தா சொல்லித் தந்த நினைவில் 'மகிழ்ச்சி மறையுண்மை' என்று தொடங்கினேன். 'அப்பா, வியாழன்னா ஒளி' என்று மகள் நிறுத்தினாள். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002-ல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்து வியாழனை அதற்குக் கொடுத்துவிட்டார். அப்போது நான் பத்தாம் வகுப்பு, அதற்கப்புறம் செபமாலைக்கு ஒழுங்காக உட்காரவில்லை என்பது என் மகள் முன்னால் தெரிந்துபோயிற்று.

பைபிளில் தன் சீடர் திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பற்றித் திருத்தூதர் பவுல் எழுதும்போது பாட்டி லோயியையும் அம்மா யூனிக்கியையும் பேர் சொல்லி எழுதுகிறார். அப்பாவைப் பற்றி பைபிளில் வேறோர் இடத்தில் கிரேக்கர் என்று ஒரு வரி, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு முதல் போதகர்கள் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே சொன்னதைக் கல்யாணத்துக்கு முந்திய வகுப்பில் எடுத்துச் சொன்னார்கள், நானும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தவன்தான்.

சரி, பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் தினமும் ஏழு மணிக்கு, கிடைக்காவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது நான் உட்காருவேன். அவள் தேறியதும் ஓரியூருக்குப் போகிறோம். அங்கே வேதசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தர் கதையை, அவர் ரத்தத்தால் மண் சிவந்தது என்பார்களே, அதை மகள் ஆச்சி வீட்டிலும் சொல்லியிருக்கிறாள் போல, அந்தச் சிவப்பு மண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஆச்சியும் வருகிறார்கள்.

கொட்டானைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வீட்டில் வந்து எண்ணினால் 52-தான் இருக்கிறது. ஒன்று பையனின் கால்சட்டைப் பையில் இருக்கிறது, கேட்டால் தரமாட்டேன் என்கிறான். ஆச்சி, இன்னும் ஒரு கொட்டை வேண்டும்.