கொள்ளைப் படம் பார்க்கும் கேஷியர் அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

போனில் உன்னோடு ஒழுங்காகச் சண்டை போட முடிவதில்லை. உனக்கு அங்கே மீட்டிங் தொடங்கிவிடுகிறது, எனக்கு இங்கே குக்கர் விசில் அடித்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். "காலமெல்லாம் பேங்க்ல கேஷ் எண்ணிட்டு இப்போ தேடித் தேடிக் கொள்ளைப் படமா பார்க்கிறியே, அதுல ஸ்டைலைத் தவிர என்னம்மா இருக்கு?" என்று கேட்டாய். ஸ்டைல்தான், யார் இல்லை என்றது? கோட்டு, கூலிங் கிளாஸ், நாலு பேர் வரிசையாக நடந்து வருவது, பின்னால் ஒரு கிடார், எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஸ்டைல் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதை நீ கவனிக்கவே இல்லை.

2001-இல் வந்த ஓஷன்ஸ் லெவனையே எடுத்துக்கொள், நீதான் எனக்கு முதலில் போட்டுக் காட்டினாய். லாஸ் வேகஸில் பெல்லாஜியோ, மிராஜ், எம்ஜிஎம் கிராண்ட் என்று மூன்று சூதாட்ட விடுதிகள், மூன்றின் பணமும் ஒரே பெட்டக அறையில். அதைக் கொள்ளையடிக்க வரும் பதினொரு பேர் அதே மாதிரி இன்னொரு பெட்டக அறையைத் தாங்களே கட்டுகிறார்கள், எதற்கு என்றால் பழகிப் பார்க்க என்கிறார்கள், நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். ஏனென்றால் அந்த நேரத்தில் நம் கண் ஜார்ஜ் குளூனியின் சிரிப்பிலும் பிராட் பிட்டின் வாயிலும்தான் இருக்கிறது. அந்த மனிதர் படம் முழுக்க எதையாவது தின்றுகொண்டே இருப்பார். கடைசியில் விடுதி முதலாளி டிவியில் பார்த்துப் பதறிய கொள்ளை அந்தப் போலி அறையில் முன்பே எடுத்து வைத்த வீடியோ என்று தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறார் தெரியுமா? தன் பெட்டக அறையின் தரையில் புதிதாகப் பதித்த பெல்லாஜியோ சின்னம் வீடியோவில் இல்லை. அந்த இடத்தில் நான் கையைத் தட்டிவிட்டேன், உன் அப்பா தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார். தனக்குத் தெரிந்த தரை மாறியிருந்தால் கேஷ் பார்க்கிற எந்த ஆளுக்கும் உறுத்தும்டா.

அதாவது படம் எதையும் மறைக்கவில்லை. போலி அறையை நம் முன்னாலேயே கட்டினார்கள், நாம்தான் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த ரகப் படங்களில் கடைசியில் ஏமாறுகிறவன் சூதாட்ட விடுதிக்காரன் மட்டும் இல்லை, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நாமும்தான். ஏமாற்றிவிட்டு, "எல்லாம் உங்கள் கண்ணெதிரேதானே செய்தோம்" என்று சொல்ல முடிந்தால் அது நல்ல படம். அந்த ஏமாற்று வேலைக்குத்தான் ஸ்டைல் வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கணக்கு டேலி ஆகிறது என்று சொல்ல மாட்டேன். முதலாளியின் ஆட்கள் வேனில் ஏற்றிய பைகளில் பணத்துக்குப் பதில் விளம்பரத் தாள் இருக்கிறதே, அவ்வளவு தாளும் பெட்டக அறைக்குள் எப்படிப் போயிற்று? பதில் கிடையாது. அப்புறம் எடை. டாலர் நோட்டு ஒன்று ஒரு கிராம். அவர்கள் கொள்ளையடித்த 16 கோடி டாலரை நூறு டாலர் நோட்டாகவே வைத்தாலும் 16 லட்சம் நோட்டு, 1,600 கிலோ. பதினொரு பேரும் சமமாகத் தூக்கினால்கூட ஆளுக்கு 145 கிலோ சொச்சம். இவர்கள் என்னடா என்றால் அதிரடிப்படை வேஷத்தில் பையை மாட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து போகிறார்கள். பணம் எவ்வளவு கனக்கும் என்று சினிமாக்காரர்கள் யாருக்கும் தெரிவதில்லை. அதையும் தெரிந்துகொண்டே ரசித்தேன், வைத்துக்கொள்.

ஆனால் 2004-இல் வந்த அடுத்த பாகத்தை மன்னிக்க மாட்டேன். ஒரு முட்டை வடிவ நகைப் பொருளைத் திருட அத்தனை பேரும் அருங்காட்சியகத்தில் அந்தப் பாடு படுகிறார்கள், கடைசியில் பார்த்தால் அது அங்கே வந்து சேரும் முன்பே, வழியிலேயே மாற்றியாகிவிட்டது, நமக்குத்தான் சொல்லவில்லை. அப்படியென்றால் நான் பார்த்த பாதிப் படம் எதற்கு? அதே இயக்குநர், அதே ஆட்கள், இன்னும் நல்ல சட்டைகள். நீ சொன்ன குற்றம் இந்தப் படத்துக்குப் பொருந்தும்.

ஸ்டைல் என்றால் பளபளப்பு என்று நினைக்கிறாய் பார், அதற்குத்தான் நீ ரிஃபிஃபி பார்க்க வேண்டும். 1955, பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. எடுத்த ஜூல்ஸ் டாசின் அமெரிக்கர். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஹாலிவுட்டில் வேலை இல்லாமல் செய்துவிட்டார்கள், பாரிஸுக்குப் போய் குறைந்த செலவில் இதை எடுத்தார், பூட்டு உடைக்கிற இத்தாலிக்காரனாக வேறு பெயரில் அவரே நடித்தும் இருக்கிறார். நகைக்கடைக்கு மேல்மாடி வீட்டிலிருந்து தரையைக் குடைந்து இறங்குகிறார்கள். கிட்டத்தட்ட அரை மணி நேரம், ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் அந்தக் காட்சிக்கு இசை எழுதியே கொடுத்தாராம், இசையோடும் இல்லாமலும் போட்டுப் பார்த்த பிறகு அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலில் தரையில் சின்ன ஓட்டை போடுகிறார்கள். அதன் வழியாக மூடிய குடையைக் கீழே விட்டு அங்கே விரிக்கிறார்கள். அதற்கப்புறம் ஓட்டையைப் பெரிதாக்கும்போது பெயர்கிற காரை எல்லாம் கீழே விழாமல் குடைக்குள் விழுகிறது. சத்தம் கேட்டால் அலறுகிற அலாரம், அதன் வாயைத் தீயணைப்பான் நுரையை அடித்து அடைக்கிறார்கள். வியர்வையைத் துடைக்கிறான் ஒருத்தன், மணி பார்க்கிறான் இன்னொருத்தன். நான் மூச்சு விடாமல் பார்த்தேன், டிவி சவுண்டைக் கூட்டவும் பயமாக இருந்தது, கீழே யாருக்காவது கேட்டுவிடும் என்கிற மாதிரி!

இதே டாசின் 1964-இல் டாப்காபி எடுத்து, இஸ்தான்புல் அரண்மனையில் கால் தரையில் படாமல் ஒருத்தனைக் கயிற்றில் இறக்கினார். 1996-இல் மிஷன் இம்பாசிபிள் படத்தில் டாம் குரூஸ் தொங்கினாரே, ஒரு சொட்டு வியர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? தொங்கும்போது தலைப்பக்கம் சாய்கிறது என்று அவர் ஷூவுக்குள் நாணயங்களைப் போட்டு எடையைச் சரிக்கட்டினாராம். ஹீட் படத்துத் துப்பாக்கிச் சண்டையும் எனக்கு இந்த ரகம்தான். லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் படப்பிடிப்பில் பதிவான சத்தத்தையே வைத்திருக்கிறார் இயக்குநர் மைக்கேல் மான், வெடி சத்தம் கட்டடத்துக்குக் கட்டடம் மோதித் திரும்பி வருவது கேட்கும்.

மங்காத்தாவை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதே. போலீஸும் திருடனும் கூட்டாளிகள் என்று கடைசி நிமிடத்தில் சொல்வது நான் மேலே சொன்ன கணக்குப்படி கொஞ்சம் போங்குதான். நரைத்த தலையோடு அஜித் வந்து சிரித்ததால் அபராதம் போடாமல் விட்டேன்.

எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, உனக்குத் தெரியும். ஒன்று என்னிடம், ஒன்று மேனேஜரிடம், ஒருத்தர் வராவிட்டால் கதவு திறக்காது. கதவு எவ்வளவு கனம் என்று யாரும் கவலைப்பட்டதில்லை, அடுத்த சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. நல்ல கொள்ளைப் படங்களுக்கும் இது தெரியும். ரிஃபிஃபியில் பூட்டு, அலாரம், காங்கிரீட் எல்லாவற்றையும் ஜெயிக்கிறார்கள், அப்புறம் ஒரே ஒரு மோதிரம், அதை ஒருத்தன்... வேண்டாம், நீ பார்.

போனில் பார்க்காதே, பெரிய திரையில் போடு. பிரெஞ்சு என்று பயப்படவும் வேண்டாம், அந்த அரை மணி நேரத்துக்கு சப்டைட்டிலே தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்குள் பார்த்து முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் மோதிரக் கதையை நானே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா