இரவில் பார்த்தால்தான் செள் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முட்டை குறையும்போதெல்லாம் தீவனத்தையும் தட்பவெப்பத்தையும் குறை சொல்லிப் பழகிய பண்ணையாளர்களாகிய நாம், கோழியின் இரத்தத்தைக் குடித்து வாழும் சிவப்புச் செள்ளைக் கடைசியாகத்தான் நினைக்கிறோம். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே இருக்கும் இந்த உயிர், பகலெல்லாம் கூண்டின் இணைப்புகளிலும் கட்டைகளின் வெடிப்புகளிலும் ஒளிந்திருந்து, விளக்கணைந்த பிறகே கோழிமேல் ஏறுகிறது. வயிறு நிறைந்ததும் இறங்கிவிடுகிறது. ஆகவே பகலில் ஒரு கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழை.

என் பண்ணையில் நானும் அப்படிப் பல வாரங்கள் ஏமாந்தேன். கொண்டைகள் வெளுத்தன, முட்டை ஓடுகளில் பொட்டுப் பொட்டாக இரத்தக் கறை தெரிந்தது, முட்டை எடுப்பவர்களின் முன்கைகளில் அரிப்பும் தடிப்பும் வந்தன. ஓர் இரவு டார்ச் விளக்குடன் சென்று, கோழிகள் அடையும் கட்டையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினேன். விரல் இரத்தத்தில் தோய்த்ததுபோல் சிவந்தது. கட்டையின் முனையில் சாம்பல் தூவியதுபோல் படிந்திருந்தவை செள்களும் அவற்றின் முட்டைகளும் உரித்த தோல்களுமே.

வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள கொட்டகையில் இதன் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்த செள்ளாகிவிடும். இரையின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். கோழிகளை விற்றுவிட்டுக் கொட்டகையைச் சில வாரங்கள் காலியாகப் போட்டால் மட்டும் இது ஒழியாததும், ஒரே தெளிப்போடு நிறுத்தினால் மீண்டும் பெருகுவதும் இதனால்தான். கோழியின் உடலிலேயே தங்கி, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளைக் கருக்கச் செய்யும் இன்னொரு வகைச் செள்ளும் உண்டு. அதற்குக் கொட்டகையை மட்டும் கழுவிப் பயனில்லை. வந்திருப்பது எந்த வகை என்று அறிந்த பிறகே மருந்தைத் தொட வேண்டும்.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைக் கோழியின் மீதே தெளிக்கும் பழக்கம்தான். 2017-இல் ஐரோப்பாவில், உணவுக்கான கால்நடைகளிடம் பயன்படுத்தத் தடைசெய்யப்பட்ட ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி, செள் ஒழிப்புக்கான கரைசலில் கலக்கப்பட்டு முட்டைகளுக்குள் சேர்ந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் உள்ளிட்ட பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகள் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. அதே ஆண்டில், செள்ளை ஒழிக்கக் கோழிகளின் குடிநீரில் 7 நாள் இடைவெளியில் இருமுறை கொடுக்கும் ஃப்ளூராலனர் மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி அளித்தது. முறையான வழி இருக்கும்போது, உண்பவர் வயிற்றில் நஞ்சு சேரும் வழியில் நாம் ஏன் போக வேண்டும்?

எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்பவற்றைக் கால்நடை மருத்துவர்களைக் கொண்டு தங்கள் நாளிதழில் விரிவாக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சக பண்ணையாளர்கள் அதுவரை காத்திராமல், இன்றிரவே விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து, கட்டைகளின் அடியில் ஒரு வெள்ளைத் தாளைத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முட்டைக் கோழி வளர்க்கும் வாசகர்