பாரா நின்றவர்களும் படித்து வந்தவர்களும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நாலு நாளாக மழை. ஏரி இன்னும் கோடி போகவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பாதியிலேயே வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் கடிதம். பதினாறு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டராக எழுதித் தள்ளிய கை வேறு, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில், உங்கள் டி.எஸ்.பி. பயிற்சிக்கு வகுப்பெடுக்க வரும் அதிகாரிகளை அறிமுகப்படுத்தும்போது ஒருவர் இன்ஜினீயர், ஒருவர் டாக்டர் என்று சொல்கிறார்களாம். நான் வெறும் பி.ஏ. தமிழ், இவர்களுக்கு நடுவில் எங்கே நிற்பேன் என்றாய். நீ கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நம் துறையில் ஒருவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதுதான் அவர் எவ்வளவு உயரம் போவார் என்பதை முடிவு செய்கிறது. உனக்குத் தெரிந்த கணக்குதான், இருந்தாலும் நான் நின்ற இடத்திலிருந்து ஒரு தடவை பார். நான் 1986-ல் இரண்டாம் நிலைக் காவலர். வேலூர்க் கோட்டைக்குள் பயிற்சி. பத்து வருஷத்தில் முதல் நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. அதோடு சரி. 2024-ல் ஓய்வு பெற்ற அன்று என் தோளில் இருந்தது இரண்டு நட்சத்திரம். 38 வருஷ வேலைக்கு அவ்வளவுதான். உனக்கு முதல் நாளே மூன்று. பொறாமையில் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். எஸ்.ஐ.யாக நேரடியாக வந்தவர்கள் பெரும்பாலும் டி.எஸ்.பி., மிஞ்சினால் கூடுதல் எஸ்.பி.யோடு வீட்டுக்குப் போவார்கள். குரூப் 1 எழுதி உன்னைப் போல வந்தவர்களுக்கு எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஐ.பி.எஸ். பட்டியலில் பெயர் வர வாய்ப்பு உண்டு. நேரடி ஐ.பி.எஸ்.காரர் ஏ.எஸ்.பி.யாக ஆரம்பித்து நாலைந்து வருஷத்தில் மாவட்டத்தையே கையில் வாங்கிக்கொள்வார்.

கீழே இருப்பவனுக்கு மேலே ஏற ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். எஸ்.ஐ. தேர்வில் 20 சதவீதம் துறைக்காரர்களுக்கு. நான் இரண்டு தடவை எழுதினேன். முதல் தடவை சில மார்க்கில் போனது. இரண்டாவது தடவை படிக்கப் பதினைந்து நாள் லீவு கேட்டேன். அப்போதிருந்த அதிகாரி, "ரைட்டர் போனா ஸ்டேஷன் யார் பார்க்கிறது?" என்று மனுவை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். பாராட்டா திட்டா என்று இன்றைக்கும் புரியவில்லை. உன் அம்மாவுக்கு மட்டும் புரிந்தது, ஒரு வாரம் பேசவில்லை.

இந்த வாசல் கணக்கு நேற்று முளைத்ததில்லை. 1902-ல் வெள்ளைக்காரன் பிரேசர் என்பவர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் போட்டான். எஸ்.ஐ.களை வெளியிலிருந்து நேராக எடுக்கலாம் என்றது அது. டி.எஸ்.பி. பதவியும் அந்தக் கமிஷனுக்குப் பிறகு வந்ததுதான், நம்மவர்களுக்கென்று. அதற்கு மேலே உள்ள நாற்காலிகள் வெள்ளைக்காரர்களுக்கு. ஆக, நீ உட்காரப்போகும் நாற்காலியே ஒரு காலத்தில் "இதோடு நில்" என்று போட்ட வேலி. வேலி போய்விட்டது. படிக்கட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

லண்டனில் வேறு மாதிரி. கிரெசிடா டிக் என்ற அம்மா ஆக்ஸ்போர்டில் படித்தவர். ஆனாலும் 1983-ல் கான்ஸ்டபிளாகத்தான் சேர்ந்தார். தெருவில் ரோந்து நடந்தவர்தான் 2017-ல் லண்டன் போலீசுக்கே கமிஷனர் ஆனார், முதல் பெண் கமிஷனர். இங்கே அப்படி ஒருவர் வர முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். விதியே இடம் கொடுக்காது, வயது அதற்குள் முடிந்துவிடும்.

சரி, நம்மூர்ப் பெரியவர்களைப் பார். சைலேந்திர பாபு குழித்துறைக்காரர், மதுரையில் விவசாயம் படித்தவர். 1987 பேட்ச், 2021-ல் டி.ஜி.பி. அடுத்து வந்த சங்கர் ஜிவால் இன்ஜினீயர். பயிரும் எந்திரமும் படித்து வந்தவர்கள் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். அந்தப் படிப்பா அவர்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது? 1976-ல் நம் மாநிலத்துக்கு வந்த முதல் இரண்டு பெண் ஐ.பி.எஸ். திலகவதியும் லத்திகா சரணும். திலகவதி தர்மபுரிப் பக்கம், தமிழில் எழுதி சாகித்ய அகாதமி வாங்கியவர். உன் பி.ஏ. தமிழுக்கு அவர் போதாதா? லத்திகா சரண் 2006-ல் சென்னை கமிஷனர், 2010-ல் டி.ஜி.பி. இத்தனைக்கும் தமிழ்நாடு போலீசில் பெண்களைச் சேர்த்ததே 1973-ல்தான்.

நான் அதிகம் நினைப்பது பிரதீப் பிலிப்பைப் பற்றி. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தபோது காஞ்சிபுரம் ஏ.எஸ்.பி.யாக அங்கே நின்றவர். வேலைக்கு வந்து நாலு வருஷம்தான். உடம்பெல்லாம் காயம். ஒரு வேளை நானாக இருந்தால் கூட்டத்தைப் பார்த்தாலே ஒதுங்கியிருப்பேன். அவர் ராமநாதபுரம் எஸ்.பி. ஆனதும் பொதுமக்களை ஸ்டேஷனுக்குள் கூப்பிட்டு 'போலீஸ் நண்பர்கள்' திட்டம் ஆரம்பித்தார். ரத்தக்கறை படிந்த அவருடைய தொப்பியும் பெயர்ப் பட்டையும் அத்தனை வருஷமும் கோர்ட்டில் சாட்சிப் பொருளாக இருந்தன. 2021-ல் ஓய்வு பெறும் நாளில் கோர்ட்டில் அனுமதி வாங்கி அந்தத் தொப்பியைத்தான் போட்டுக்கொண்டார். இவர் என்ன படித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நானும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஸ்டேஷனின் தினசரிப் பதிவேடான ஜி.டி. இல்லை, பயப்படாதே, காசு கொடுத்து வாங்கிய சொந்த நோட்டு. ஸ்டேஷனுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்த ஒவ்வொரு அதிகாரியும் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வியை அதில் எழுதிவைத்தேன். யார் எந்த வாசலில் வந்தவர் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு ஏ.எஸ்.பி., வடக்கத்திக்காரர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம். வந்ததும் "காலண்டர் இருக்கா?" என்றார். அந்த வருஷத்துத் திருட்டு வழக்குகளை மேஜையில் பரப்பி, தேதி தேதியாகச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். முக்கால்வாசி வட்டம் வியாழக்கிழமையில் விழுந்தது. எங்கள் ஊர்ச் சந்தை நாள். வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு சந்தைக்குப் போகிற நாள். இரண்டு வருஷமாக அந்த ஃபைல்களை நான்தான் தைத்து அடுக்கினேன், என் கண்ணில் படவில்லை. அதனால் நேரடி ஐ.பி.எஸ். என்றால் ஏ.சி. ரூம் என்று கேலி பேசுகிறவர்களோடு நீ சேராதே.

இன்னொருவர் எஸ்.ஐ.யாக ஆரம்பித்து டி.எஸ்.பி. ஆனவர். கார்த்திகை தீபத்துக்கு முதல் வாரம், ராத்திரி ஒன்றரை மணி. நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. ஸ்டேஷன் வாசலில் பாரா, அதாவது காவல், நின்ற பையனின் காலையே பார்த்தார். ஷூ லேஸ் அவிழ்ந்து, கால் வீங்கி வெளியே பிதுங்கியிருந்தது. "மாத்தாள் எங்கே?" மாற்றாள் திருவண்ணாமலை பந்தோபஸ்துக்குப் போய் மூன்று நாள். டூட்டி ரோஸ்டரைக் கேட்டார், அந்தப் பையன் பெயருக்கு நேரே கோடு கிழித்தார், என்னைப் பார்த்து "விடியற வரைக்கும் நீ நில்லுய்யா" என்றார். நின்றேன். கோபம்தான், ஆனால் சரி.

கீழிருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதே. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டர் ஆன ஒருவரிடம் இரண்டரை வருஷம் வேலை பார்த்தேன். லீவு மனு நீட்டினால், "நான் அந்தக் காலத்துல வாங்கினேனா?" என்பார். எங்கள் வலி அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால் எங்கே அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. வார விடுப்பு அரசாணையாக வந்ததே 2021-ல். நான் சேர்ந்து 35 வருஷம் கழித்து.

உனக்கு ஒன்று சொல்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொள்ளாதே, அனுபவசாலியின் புலம்பல் என்று வைத்துக்கொள். முதல் சப்-டிவிஷனில் சார்ஜ் எடுத்ததும் குவார்ட்டர்ஸுக்கு ஒரு காவலரைக் காய்கறிப் பையோடு அனுப்புவார்கள். அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையை 1979-லேயே எடுத்தாயிற்று, 2022-ல் ஹைகோர்ட்டும் காய்ச்சி எடுத்தது. ஆனாலும் பை வரும். நானும் தூக்கியிருக்கிறேன், நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. அதைப் பள்ளிக்கூட வேனில் இருந்து நீ பார்த்துவிட்டுக் கையாட்டினாய். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது.

மாமா பையன் சனிக்கிழமை தாம்பரம் வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் அந்த நோட்டும் கொடுத்தனுப்புகிறேன். நடுவில் சில பக்கங்களில் எண்ணெய் பட்டிருக்கும், பந்தோபஸ்து வடை. பெயர்களை மட்டும் மை போட்டு அடித்துவிட்டேன், அதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதே. படித்துவிட்டுத் திருப்பிக் கொடு. கடைசியில் பத்துப் பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா