அசையாமல் நிற்பதும் நடிப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் தொடருக்கு அதில் ஒரு பத்தி கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அதன் நாயகன் ஜேம்ஸ் ஆர்னஸ் நெடுநெடுவென்று வந்து நின்றாரே தவிரப் பெரிதாக நடிக்கவில்லை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள், 635 பகுதிகள், மார்ஷல் (ஊரின் சட்டக் காவல் அதிகாரி) மாட் டில்லன் என்ற ஒரே பாத்திரம். அந்த மனிதரை ஒரே வரியில் ஓரங்கட்டுவது நியாயமாகப் படவில்லை.

அந்த உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஆர்னஸ் 6 அடி 7 அங்குலம். 1923இல் மின்னியாபொலிஸில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக வேண்டும் என்பது அவர் ஆசை. இந்த உயரத்துக்கு விமானத்தில் இடமில்லை என்று காலாட்படைக்கு அனுப்பிவிட்டார்கள். 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் படைகள் இறங்கியபோது, படகிலிருந்து முதலில் குதிக்கச் சொன்னது இவரைத்தான். இவருக்குத் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பார்த்தால் மற்றவர்களுக்கு ஆழம் தெரிந்துவிடுமே! கரையேறிய சில நாட்களிலேயே இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வலது காலைச் சிதைத்தன. அறுவை சிகிச்சைகள், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிவாசம். அந்தக் காலின் வலி கடைசிவரை அவரை விடவில்லை. இளைய வயதில் அங்கே படுத்துக் கிடந்தவருக்கு, வானொலியில் வேலை தேடலாமே என்று நம்பிக்கை கொடுத்தது தம்பி. பின்னாளில் 'மிஷன் இம்பாசிபிள்' தொடரில் புகழ்பெற்ற பீட்டர் கிரேவ்ஸ்தான் அந்தத் தம்பி.

இப்போது தொடருக்கு வருகிறேன். மார்ஷல் டில்லனின் உதவியாளர் செஸ்டர் ஒரு காலை மடக்காமல் விறைப்பாக இழுத்து இழுத்து நடப்பார். அந்த வேடத்தில் நடித்த டென்னிஸ் வீவர் உண்மையில் விளையாட்டு வீரர். 1948 ஒலிம்பிக்கிற்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில், பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லானில் கலந்துகொண்டவர். அவருக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது. அவர் பக்கத்தில் நிமிர்ந்து நடந்து வருகிறாரே மார்ஷல், அவருக்குத்தான் கால் நிஜமாகவே சேதப்பட்டிருந்தது. ஒருவர் இல்லாத நொண்டலைக் காட்டினார், இன்னொருவர் இருந்த வலியை மறைத்தார். முன்னது நடிப்பு என்றால் பின்னதும் நடிப்புதானே? நீண்ட படப்பிடிப்பு நாட்கள், குதிரையில் ஏறுவது இறங்குவது, தெருவில் அந்த நெடுநடை, எல்லாமே அந்தக் காலை வைத்துக்கொண்டுதான். டில்லன் அவசரப்படாமல் நிதானமாக எழுந்து, நிதானமாக நடப்பதைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

1955 செப்டம்பர் 10 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியைக் கட்டுரையாளர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கதை தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நாயகன் சுடப்பட்டு விழுகிறான்! எதிரி அவனைவிட வேகமாகத் துப்பாக்கியை உருவுகிறான், அவ்வளவுதான். படுக்கையிலிருந்து எழுந்த டில்லன் யோசிக்கிறான்: இவன் ஏன் எப்போதும் நெருங்கி வந்தே சுடுகிறான்? தள்ளி நின்றால் குறி தவறும் என்பதால்தான். அடுத்த முறை அவனைப் பக்கத்தில் வரவிடவில்லை. ஒரு கௌபாய் தொடரின் முதல் கதையே நாயகனின் தோல்வியில் தொடங்குகிறது. அந்தத் தோல்வியை வசனம் இல்லாமல் முகத்தில் தாங்கியது ஆர்னஸ்தான்.

அந்தப் பகுதியைத் திரையில் தோன்றி அறிமுகம் செய்தவர் கௌபாய் படங்களின் பெரிய சினிமா நட்சத்திரம் ஜான் வெய்ன். அதனாலோ என்னவோ, வெய்ன் வேண்டாம் என்று ஒதுக்கிய வேடம்தான் ஆர்னஸுக்குக் கிடைத்தது என்ற கதை இன்றுவரை சுற்றுகிறது. உங்கள் கட்டுரையிலும் அது இருந்தது. தொடரின் தொடக்ககால இயக்குநர் சார்லஸ் மார்க்விஸ் வாரன் பின்னாளில் அதை மறுத்திருக்கிறார். சின்னத்திரைக்குப் போனால் சினிமா வாய்ப்பு போய்விடுமோ என்று தயங்கிய ஆர்னஸை, தைரியமாகப் போ என்று தள்ளிவிட்டது வெய்ன் என்பதுதான் விஷயம். அதற்கு முன் 'ஹாண்டோ' போன்ற படங்களில் இருவரும் சேர்ந்து நடித்திருந்தார்கள்.

தொடரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து மற்ற கௌபாய் கதைகளைப் போலவே, அமெரிக்கப் பூர்வகுடிகளின் பாத்திரங்களுக்கு வெள்ளைக்கார நடிகர்கள் வேடம் கட்டியது இதிலும் உண்டு. அந்த விமர்சனம் சரியானது, அதை வைக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஆர்னஸின் பெருந்தன்மையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கதையில் வரும் ஊர் டாக்டரும் செஸ்டரும் சண்டை பிடிப்பார்கள், செஸ்டருக்குப் பிறகு உதவியாளராக வந்த ஃபெஸ்டஸும் டாக்டரும் அதைவிட மோசமாகச் சண்டை பிடிப்பார்கள். மார்ஷல் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சிரிப்பும் கைதட்டலும் அவர்களுக்குப் போகும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் அப்படித்தான்: 1959இல் வீவருக்கு, 1968இல் டாக்டராக நடித்த மில்பர்ன் ஸ்டோனுக்கு. மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டும் ஆர்னஸுக்குக் கிடைக்கவில்லை. தன்னை நாயகனாக வைத்து ஓடும் தொடரில் இத்தனை இடத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க எத்தனை நாயகர்களுக்கு மனசு வரும்? நடுவில் ஒருவர் நிலையாக நின்றதால்தான் சுற்றியிருந்தவர்கள் ஆட முடிந்தது.

1967இல் தொடரை நிறுத்த, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம் முடிவு செய்து, அதன் தலைவர் வில்லியம் பேலி தலையிட்டதால் பிழைத்தது. சனிக்கிழமையிலிருந்து திங்கள்கிழமைக்கு மாற்றினார்கள், பார்வையாளர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் 1975இல் நிறுத்தியபோது ஒழுங்கான நிறைவுப் பகுதி எடுக்கக்கூட வாய்ப்புத் தரவில்லை. இருபது வருடம் ஓடிய தொடருக்கு வழியனுப்பு விழா இல்லை. படிக்கும்போதே மனசு கஷ்டப்படுகிறது. அப்புறம் 1987 முதல் தொலைக்காட்சிப் படங்களில் ஆர்னஸ் டில்லனாகவே திரும்பி வந்தார். 2011 ஜூனில், 88 வயதில் காலமானார்.

இதே வரிசையில் வானொலிக் 'கன்ஸ்மோக்' பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். 1952இல் நார்மன் மெக்டானலும் ஜான் மெஸ்டனும் உருவாக்கிய அந்த நாடகத்தில் டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். பருமனான உடம்பு என்பதால் சின்னத்திரையில் அவருக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றியும் எழுதுங்கள். ஜான் வெய்ன் விஷயத்தில் ஒரு திருத்தமும் போட்டால் நன்றி உடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்