பாப்பாவின் பள்ளித் தாளுக்கு

அன்பு மகளுக்கு,

"அம்மாச்சி, வால்பாறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று பாப்பா போனில் கேட்டாள். 70,859 என்று 2011 மக்கள்தொகைக் கணக்கைச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனை வைத்துவிட்டாள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்த எண்ணை மட்டும் எழுதினால் நம் ஊர் அதில் இருக்காது.

2001-இலும் 2011-இலும் கணக்கெடுக்கப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. முதல் முறை போனபோது லயன் வீடுகளில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாசலுக்கு வாசல் ஆள் இருந்தார்கள். ஊரில் அப்போது ஏறக்குறைய 95 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்துப் போனால் வரிசையாகப் பூட்டு. எல்லாம் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள். தேயிலை விலை விழுந்ததும் பொள்ளாச்சி, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். எஸ்டேட் வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சொந்தமாகக் கட்ட இடம் எங்கே? கடைவீதியைத் தாண்டினால் எஸ்டேட், எஸ்டேட்டைத் தாண்டினால் ஆனைமலைக் காடு. பாப்பா படத்தில் இதை முதலில் வரையட்டும். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத்தான் எல்லோரும் வரைந்துவிடுகிறார்களே.

அந்தப் பூட்டுகளில் பலவற்றை இப்போது அசாம், ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள் திறந்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற வருடம் அவர்கள் பிள்ளைகள் என் வகுப்பில் குறள் ஒப்பித்தார்கள். அவர்களையும் ஊர்க்காரர்கள் என்றே எழுதச் சொல்.

ஜூனில் இங்கே பிடிக்கிற மழை சோலையாறு அணையில் தேங்கி, பறம்பிக்குளம், திருமூர்த்தி அணை வழியாக உங்கள் பல்லடம் பக்கம் பி.ஏ.பி. (பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் வருகிறது. தண்ணீர் விடும்போது பாப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டு.

அடுத்த கணக்கெடுப்பில் உன்னைப் பல்லடத்தில்தான் எழுதுவார்கள். இருக்கிற இடத்தில் எழுதுவதுதான் விதி. "மகள் திருப்பூரில்தான் இருக்கிறாள், அவள் பேரையும் போட்டுக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று அன்று எத்தனையோ அம்மாக்கள் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன். இன்னும் கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மழை பிடிப்பதற்குள், மே மாதமே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது, எடுத்து வைக்கிறேன்.

அம்மா