புதுத் துகளை அச்சேற்றும் முன் எண்களைக் கேளுங்கள்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் இதழ்களில் ஒன்றில் வந்த கட்டுரைதான் இந்த மடலை எழுத வைத்தது. எதோடும் எளிதில் மோதாத நுண்துகளான நியூட்ரினோவை ஆராய்ந்த மினிபூன் சோதனையில், எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்த உபரி நிகழ்வுகளுக்குக் காரணம், கனமான ஒரு புதுத் துகள் சிதைந்து வெளிவிடும் ஒளித்துகளான ஃபோட்டான் என்கிறது அது. இருக்கலாம். மினிபூனின் எண்ணெய்த் தொட்டியால் நியூட்ரினோ மோதி எழுப்பும் எலெக்ட்ரானையும் ஃபோட்டானையும் பிரித்தறிய முடியாது. சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால், கட்டுரையில் எண்களே இல்லை. ஒரே ஒரு வரைபடம்.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக மவுஸை வைத்து அளவெடுத்தேன். இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் எது எதுவென்று தெரியவில்லை. சில இடங்களில் கோட்டின் தடிமன் பிழை வரம்பைவிடப் பெரிது. மூன்று நாள் போயிற்று. கட்டுரையாளர்களுக்கு இருமுறை எழுதினேன், பதில் இல்லை.

நான் கேட்பது இதுதான்: புதுத் துகளை முன்வைக்கும் கட்டுரை, எண் அட்டவணையோடும் மற்றச் சோதனைகளோடு ஒப்பிட்ட கணக்கோடும் வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பீடு ஏன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்எஸ்என்டி என்ற முந்தைய சோதனையின் உபரிக்கு, இன்னும் யாரும் கண்டிராத ஸ்டெரைல் நியூட்ரினோ என்ற வகை காரணம் என்றால், மியூவான் வகை நியூட்ரினோக்கள் வேறிடங்களில் குறைந்தாக வேண்டும். மைனோஸ் பிளஸ் சோதனை அதைத் தேடியது. அந்தக் குறைவு இல்லை. பெஸ்ட் சோதனையில் கேலியம் உலோகத்தில் பதிவான நியூட்ரினோ நிகழ்வுகள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதற்கு ஸ்டெரைல் நியூட்ரினோ காரணம் என்றால், அது வழக்கமான நியூட்ரினோக்களோடு பெரிய அளவில் கலக்க வேண்டும்; அவ்வளவு பெரிய கலப்பு இருப்பதை அணு உலைச் சோதனைகள் ஏற்க மறுக்கின்றன. எல்எஸ்என்டி, மினிபூன் உபரிகளுக்கான ஒற்றை ஸ்டெரைல் நியூட்ரினோ விளக்கத்தை 95% உறுதியோடு நிராகரிப்பதாக 2025இல் மைக்ரோபூன் சோதனைக் குழு அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு சோதனையின் உபரியோடு மட்டும் பொருத்திக் காட்டிய கட்டுரை எப்படி மதிப்பீட்டைத் தாண்டுகிறது?

கட்டுரை எண்ணிக்கையை வைத்தே வேலை கொடுக்கும் வரை இளைஞர்கள் இப்படித்தான் அவசரப்படுவார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கருவியைக் கட்டுவதற்கே சிலர் பத்து வருடம் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பில் வந்த தரவைப் படத்திலிருந்து சுரண்டி எடுக்கும் நிலையில் எங்களை வைத்திருக்கிறீர்கள்.

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையும் ஒப்பீடும் இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள் என்று பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையின் எண்களையாவது இந்த மாதத்துக்குள் வாங்கித் தாருங்கள். என் கணக்கு பாதியில் நிற்கிறது.

இப்படிக்கு,
நியூட்ரினோ தரவுகளோடு நாள்தோறும் வேலை செய்யும் ஒருவர்